நாற்பது வயதில் குணம் மாறுமா?

கேட்டவருக்கு வயது 40. அலுவலகத்தில் மேலதிகாரி எவ்வளவு கடிந்து பேசினாலும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். வீட்டுக்கு வந்தபின் மகன் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறார். மனைவியும் தப்புவதில்லை, வயதான அம்மாவும் தப்புவதில்லை. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்கிறார்கள். என் அப்பாவும் இப்படித்தான் இருந்தார். இது பிறவிக் குணமா? இனிமேல் மாறுமா? எட்டு வயது மகனும் என்னைப் போலவே கத்த ஆரம்பித்துவிட்டான். ஹாஸ்டலில் சேர்த்தால் திருந்துவானா?" இதுதான் அவருடைய கேள்வி.

மாறும். ஆனால் "இன்று முதல் கோபப்பட மாட்டேன்" என்று சபதம் எடுப்பதால் மாறாது. எப்படி மாறும் என்று சொல்ல உங்களைக் கொஞ்சம் தொலைவுக்கு அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. மனிதனுடைய இயல்பு நல்லதா கெட்டதா, குணம் எப்படி வளர்கிறது என்ற கேள்வியைச் சீனாவில் கிறிஸ்து பிறப்பதற்கு முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே பிரித்து மேய்ந்துவிட்டார்கள். அப்போது அங்கே ஏழெட்டு நாடுகள் ஒன்றையொன்று விழுங்கப் போரிட்டுக்கொண்டிருந்தன. அந்த ரத்தக் களரிக்கு நடுவில் "மனிதன் நல்லவன்" என்று ஒருவர் சொல்ல வேண்டுமானால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருக்க முடியாது. அதனால்தான் அவர்கள் பேச்சை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்படிச் சொன்னவர் மென்சியஸ் என்ற சிந்தனையாளர். சீனாவின் பேரறிஞர் கன்பூசியஸ் காலமாகி நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, இன்றைய ஷான்டோங் மாகாணப் பகுதியில் பிறந்தவர். அவர் காட்டிய சான்று எளிமையானது. ஒரு குழந்தை கிணற்று விளிம்பில் தவழ்ந்து விழப்போவதைத் திடீரென்று பார்க்கிறீர்கள். யாராக இருந்தாலும் நெஞ்சு ஒரு நொடி பதறும். குழந்தையின் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகப் பதறவில்லை. ஊர் மெச்ச வேண்டும் என்பதற்காகவும் இல்லை. அந்த நொடியில் கணக்குப் பார்க்க நேரம் இல்லை. எல்லாரும் ஓடிப்போய்த் தூக்கிவிடுவார்கள் என்று அவர் சொல்லவில்லை, இதைக் கவனியுங்கள். பதறும் என்று மட்டும்தான் சொன்னார். இரக்கம், வெட்கம், விட்டுக்கொடுத்தல், சரி தவறு உணர்தல் என்று நான்கு முளைகள் எல்லார் நெஞ்சிலும் இருக்கின்றன, கைகால் நான்கும் இருப்பதுபோல் இருக்கின்றன என்பது அவர் கட்சி. முளை என்றால் முளைதான், மரமல்ல. வளர்த்தால் உலகத்தையே காக்கப் போதுமானது, வளர்க்காவிட்டால் பெற்ற தாய் தகப்பனைக் காக்கக்கூடப் போதாது என்றார்.

இனி உங்கள் வீட்டுக்கு நேராகப் பொருந்தும் நிகழ்ச்சிக்கு வருகிறேன். போரிட்டுக்கொண்டிருந்த அந்த நாடுகளில் ஒன்றான சி நாட்டின் அரசன் சுவான் ஒருநாள் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறான். கீழே ஒருவன் ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான். எங்கே என்று கேட்டால், புதிதாக வார்த்த மணிக்கு ரத்தம் பூசிச் சடங்கு செய்யப் பலி கொடுக்கப் போகிறோம் என்கிறான். மாடு நடுங்குகிறது. "விட்டுவிடு. குற்றமற்ற ஒருவனைக் கொலைக்களத்துக்கு இழுத்துப் போவதுபோல் இருக்கிறது, என்னால் பார்க்க முடியவில்லை" என்கிறான் அரசன். அப்படியானால் சடங்கை நிறுத்திவிடலாமா? அதெப்படி நிறுத்துவது, மாட்டுக்குப் பதில் ஒரு ஆட்டைக் கொடு என்கிறான். ஊரில் என்ன பேசினார்கள் தெரியுமா? மாடு விலை அதிகம், ஆடு விலை குறைவு, அரசன் கஞ்சன் என்றார்கள்.

மென்சியஸ் அரசனிடம் இதை எடுத்தபோது அரசனே குழம்பிப்போனான். நான் கஞ்சத்தனத்தால் செய்யவில்லை, ஆனால் ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே விளங்கவில்லை என்றான். நீங்கள் மாட்டைப் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் என்றார் மென்சியஸ். கடிந்துகொள்ளவில்லை. இந்த இரக்கம் போதும், நீங்கள் நல்ல அரசனாக முடியும் என்றார். அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம். உங்கள் இரக்கம் ஒரு மாடுவரை போய்ச் சேர்கிறது, உங்கள் குடிமக்கள்வரை ஏன் போகவில்லை? தாய்ஷான் என்ற பெரிய மலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வடகடலைத் தாண்டு என்றால் "முடியாது" என்பது உண்மை. ஒரு பெரியவருக்காக ஒரு கிளையை ஒடித்துக் கொடு என்றால் "முடியாது" என்பது உண்மையல்ல. அங்கே நீங்கள் செய்யவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் பட்டது அந்த மேலதிகாரிதான். அவர் முன்னால் உங்கள் நாக்கு அடங்குகிறது. அது பொறுமையில்லை, பயம் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். வள்ளுவர் இதை வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளிலேயே உடைத்துச் சொல்லியிருக்கிறார்: "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்." செல்லுபடியாகும் இடத்தில் கோபத்தைக் காப்பவனே காப்பவன். செல்லாத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன? மேலதிகாரி செல்லாத இடம். எட்டு வயதுப் பையனும் வயதான அம்மாவும் செல்லுமிடம். அதனால் அலுவலகத்தில் அடங்குவதை உங்கள் நற்குணக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் "என்னால் முடியவே முடியாது, ரத்தத்திலேயே ஊறியது" என்ற வாதம் அங்கே விழுந்துவிடுகிறது. கோபம் வாய்வரை வந்தும் நிற்கிறது என்று தினமும் நீங்களே நிரூபிக்கிறீர்கள்.

பயத்தை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. வீட்டிலேயே வேறொன்று இருக்கிறதா பாருங்கள். மகன் காய்ச்சலில் கிடந்த ஒரு இரவை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்தைப் புகட்டுகிறீர்கள், அவன் அப்படியே உங்கள் சட்டையில் கக்கிவிடுகிறான். அப்போது கத்தியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். துண்டை எடுத்து அவன் வாயைத்தான் முதலில் துடைத்திருப்பீர்கள். அதே பையன், அதே அப்பா. கொட்டியதும் ஏறக்குறைய அதே அளவுதான். ஒரு நாள் பையன் தெரிந்தான், மறுநாள் தண்ணீரும் ஈரமான தரையும்தான் தெரிந்தன. மாட்டைப் பார்த்த அரசன் ஆட்டைப் பார்க்காததும் இதேதான். ஆகவே இல்லாத ஒரு குணத்தை நீங்கள் எங்கிருந்தோ வாங்கிவர வேண்டியதில்லை. காய்ச்சல் இரவில் இருந்த அப்பாவைச் சாதாரண மாலைக்குக் கொண்டுவர வேண்டும். மென்சியஸ் சொன்ன வளர்ச்சி இதுதான்: ஓரிடத்தில் இயல்பாக எழும் உணர்வை அது எட்டாத இடத்துக்கும் நீட்டிப்பது.

இங்கேயே நிறுத்திவிட்டால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். ஏனென்றால் அந்த அரசனுக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்பதும் தெரியும். கி.மு. 314-இல் அவனுடைய படை பக்கத்து யென் நாட்டுக்குள் புகுந்தது. யென் மக்கள் முதலில் தங்களைக் காக்க வந்தவர்கள் என்றே வரவேற்றார்கள். சி நாட்டுப் படையோ அவர்களைக் கொன்றது, சிறைபிடித்தது, முன்னோர் கோயில்களை இடித்தது. மென்சியஸ் எச்சரித்தார், அரசன் கேட்கவில்லை. கடைசியில் யென் மக்கள் திரண்டு எழுந்தார்கள். மாடு நடுங்கியதைப் பார்க்கப் பொறுக்காதவன், ஒரு நாடு நடுங்கியதைப் பொறுத்துக்கொண்டான். முளை இருந்தது, யாரும் பயிர் செய்யவில்லை.

இந்த இடத்தில்தான் மென்சியஸுக்கு அடுத்த தலைமுறையில் வந்த சுன்சியை நான் துணைக்கு அழைக்கிறேன். ஜாவ் நாட்டில் பிறந்து, சி நாட்டின் புகழ்பெற்ற ஜிசியா கல்விக்கூடத்தில் தலைமை வகித்தவர். மனித இயல்பு கெட்டது, நன்மை என்பது முயற்சியால் ஆக்கப்படுவது என்று மென்சியஸின் பெயரைச் சொல்லியே மறுத்தவர். பசித்தால் தின்னத் தோன்றும், குளிர்ந்தால் போர்த்தத் தோன்றும், பெரியவர் முன்னால் இருந்தால் முதலில் அவருக்கு என்று விடத் தோன்றாது, அது பயிற்சியால் வருவது என்றார். வளைந்த மரத்தை ஆவியில் காட்டிச் சட்டத்தில் இறுக்கித்தான் நேராக்க முடியும் என்பது அவர் உவமை.

இருவரில் யார் சரி என்று இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கட்சி கட்டுகிறார்கள். பின்னாளில் சீனத் தேர்வு முறை மென்சியஸைத் தலையில் தூக்கி வைத்தது, சுன்சியை ஓரங்கட்டியது. எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. தொடக்கம் பற்றி மென்சியஸ் சொன்னது சரி, உழைப்பு பற்றி சுன்சி சொன்னது சரி. மேலும், சண்டையைவிட ஒற்றுமைதான் அவர்களிடம் பெரிது. யாரும் யாவ், ஷுன் போன்ற பழங்கால ஞானி மன்னர்களைப்போல் ஆகலாம் என்று மென்சியஸ் ஒப்புக்கொண்டார். தெருவில் போகிறவனும் அதே வரிசையில் வரும் யூ மன்னனைப்போல் ஆகலாம் என்று சுன்சி சொன்னார். இயல்பு கெட்டது என்று சொன்ன மனிதரே எவனும் ஞானியாகலாம் என்கிறார். பிறவியைக் காட்டி ஒதுங்கிக்கொள்ள இருவருமே வழி விடவில்லை.

உழைப்பு என்றால் என்ன என்பதில் சுன்சி கறாரானவர். அரை அடி அரை அடியாகச் சேர்க்காமல் ஆயிரம் காதம் போக முடியாது என்பார். செதுக்கத் தொடங்கிப் பாதியில் விட்டால் உளுத்த மரம்கூட வெட்டுப்படாது, விடாமல் செதுக்கினால் உலோகத்திலும் கல்லிலும் உரு வரும் என்பார். இன்று ஆய்வாளர்கள் பார்த்ததும் இதற்கு அருகில்தான் வருகிறது. 21 நாளில் பழக்கம் மாறும் என்று சமூக ஊடகங்களில் சுற்றுகிறதே, அதை நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 96 பேரை வைத்துச் செய்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சின்னப் பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். அதில் உங்களுக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: இடையில் ஒருநாள் தவறியதால் அதுவரை சேர்ந்தது பெரிதாகக் குலைந்துவிடவில்லை. அவர்கள் பார்த்தது சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது போன்ற பழக்கங்களை. கோபம் அதைவிடப் பிடிவாதமானது, அதற்கு ஏற்ற பொறுமை வேண்டும்.

வயதைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. 2006-இல், ஆட்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 92 குழுக்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20-லிருந்து 40 வயதுக்குள்தான் குணம் அதிகம் மாறுகிறது, அதற்குப் பிறகும் மாற்றம் நின்றுவிடுவதில்லை என்று தெரிந்தது. பெரும்பாலும் பொறுப்பும் நிதானமும் கூடும் திசையில்தான் மாறுகிறது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவசரப்படுவதிலும் ஆபத்து இருக்கிறது. சோங் நாட்டு விவசாயி ஒருவன், பயிர் சீக்கிரம் வளரவில்லையே என்று ஒவ்வொரு பயிராகப் பிடித்து மேலே இழுத்துவிட்டானாம். வீட்டுக்கு வந்து, இன்று களைத்துப் போய்விட்டேன், பயிர் வளர உதவி செய்தேன் என்றானாம். மகன் ஓடிப்போய்ப் பார்த்தால் எல்லாம் வாடிக் கிடந்தது. மென்சியஸ் சொன்ன கதை இது. களை எடுக்காமல் விடுகிறவனைவிட இழுத்துவிடுகிறவன் கெடுதல் செய்கிறான் என்றார். திங்கட்கிழமை சபதம் எடுத்து, மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி, நான்காம் நாள் மொத்தமாக வெடித்து, "என் குணம் இதுதான், நான் திருந்தமாட்டேன்" என்று கைவிடுவது பயிரை இழுப்பதுதான். அதே சமயம் "மெல்ல மெல்ல" என்ற பெயரில் தள்ளிப்போடுவதையும் அவர் விடவில்லை. தினம் ஒரு கோழி திருடுகிறவனிடம் அது தவறு என்றார்களாம். சரி, இனி மாதம் ஒன்றாகக் குறைத்துக்கொள்கிறேன், அடுத்த வருஷம் நிறுத்திவிடுகிறேன் என்றானாம். இரண்டு கதையும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும். நான் புரிந்துகொண்டது இதுதான்: உணர்வு மாற நாளாகும், அதை இழுக்கக்கூடாது. செயலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கோபம் வருவது குறைய மாதங்கள் ஆகட்டும். அம்மாவைத் தூக்கியெறிந்து பேசுவதும், கை ஓங்கும் வழக்கம் இருந்தால் அதுவும், இன்றே நிற்க வேண்டும்.

அடுத்தது சூழ்நிலை. சி நாட்டுத் தலைநகருக்கு வெளியே எருது மலை என்று ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அடர்ந்த மரங்கள். நகரத்து மக்கள் தினம் வெட்டினார்கள். இரவின் ஈரத்தில் துளிர்த்ததை மறுநாள் ஆடுமாடு மேய்ந்தது. மொட்டையான மலையைப் பார்ப்பவர்கள் இதில் என்றுமே மரம் இருந்ததில்லை என்று நினைக்கிறார்கள், அதுவா மலையின் இயல்பு என்று கேட்டார் மென்சியஸ். உங்கள் நாளை ஒருமுறை இப்படிப் பாருங்கள். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள்? வீட்டுக்குள் நுழையும்போது எவ்வளவு பசியோடு நுழைகிறீர்கள்? வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கையில் போனில் அலுவலகப் பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறதா? இதெல்லாம் சாக்கு அல்ல, வெட்டுகிற கோடரிகள்.

அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 1973-இல் வெளியிட்டார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள். வழியில் ஒருவன் இருமிக்கொண்டு சரிந்து கிடந்தான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய, பைபிள் கதையில் வரும் நல்ல சமாரியனைப் பற்றியது. இறையியல் படித்தவர்களின் நல்ல மனதை ஒரு அவசரம் இப்படி மூடிவிட முடியும் என்றால், பேருந்தில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே வந்து இறங்குகிற உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம். வந்தவுடன் நேரே கூடத்துக்குப் போகாதீர்கள். கைகால் கழுவி, ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு, பத்து நிமிஷம் யாரிடமும் எதையும் விசாரிக்காமல் இருந்து பாருங்கள்.

கத்திவிட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கும் அந்தச் சுவான் அரசனிடமே பாடம் இருக்கிறது. யென் மக்கள் எழுந்த பிறகு, மென்சியஸின் முகத்தில் விழிக்க வெட்கமாயிருக்கிறது என்றான். நல்ல வெட்கம் அது, நான்கு முளைகளில் ஒன்று. உடனே ஒரு அமைச்சர், கவலைப்படாதீர்கள், பழைய காலத்துப் பெரியவர்களே தவறு செய்திருக்கிறார்கள், நான் போய்ச் சமாதானம் சொல்கிறேன் என்று கிளம்பினார். மென்சியஸ் அவரை ஒரேயடியாக மடக்கினார். அந்தக் காலத்துப் பெரியவர்களின் தவறு சூரிய சந்திர கிரகணம்போல, எல்லாரும் பார்த்தார்கள், திருத்திக்கொண்டபோதும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். இந்தக் காலத்தவர்கள் தவறைத் தொடர்வதோடு அதற்குக் காரணமும் கற்பிக்கிறார்கள் என்றார். உங்கள் வீட்டிலும் அந்த அமைச்சர் வேலையை யாராவது செய்துகொண்டிருப்பார்கள். "அவருக்கு ஆபீஸ் டென்ஷன்", "அவங்க அப்பா மாதிரி, மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டார்" என்று பெரும்பாலும் அம்மாவோ மனைவியோ சொல்வார்கள். அந்த நிழலில் ஒதுங்காதீர்கள். பையன் பார்க்கக் கத்தினீர்கள் என்றால் பையன் கேட்கவே, "நான் கத்தினது தப்பு" என்று சொல்லுங்கள். "ஆனா நீ தண்ணிய கொட்டினதாலதான்" என்று சேர்க்காதீர்கள்.

இனி மகன். குழந்தைகளிடம் நல்லியல்பு இருக்கிறதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒருமுகப்படவில்லை. ஆறு மாதக் குழந்தைகள்கூட உதவி செய்யும் பொம்மையை விரும்பித் தொடுகின்றன என்று 2007-இல் வந்த முடிவு உலகப் புகழ் பெற்றது. பிறகு பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் செய்தபோது அந்தச் சாய்வு தென்படவில்லை. ஆனால் 2006-இல் வந்த இன்னொரு சோதனையில், 18 மாதக் குழந்தைகள் 24 பேரில் 22 பேர், முன்பின் தெரியாத ஒரு பெரியவர் கைநழுவவிட்டதை எடுத்துக் கொடுப்பது போன்ற உதவி ஒன்றையாவது கேட்காமலே செய்தார்கள். எட்டு வயதுப் பையனைக் "கெட்டுவிட்டான்" என்று எழுதிவிட எந்த முகாந்திரமும் இல்லை. அவன் பார்ப்பதைச் செய்கிறான்.

மென்சியஸின் அம்மாவைப் பற்றிச் சீனர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழங்கதை உண்டு. இடுகாட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தார்கள். பையன் பிணம் புதைத்து விளையாடினான். சந்தைப் பக்கம் வீடு மாற்றினாள். கூவி விற்று விளையாடினான். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போனாள். வணக்கம் சொல்லும் முறைகளையும் சடங்குகளையும் பழகத் தொடங்கினான். இதைச் சொல்லித்தான் பலர் பிள்ளையை நல்ல ஹாஸ்டலாகப் பார்த்துச் சேர்க்கச் சொல்கிறார்கள். அந்த அம்மா பையனை அனுப்பவில்லை, ஒவ்வொரு முறையும் தானும் கூடவே மூட்டை கட்டினாள் என்பதை மறந்துவிடுகிறார்கள். கோபம் உங்களிடமிருந்து வந்தது, வீட்டைவிட்டுப் போவது அவனா? அவன் அதைத் தண்டனை என்றுதான் எடுத்துக்கொள்வான்.

ஆனால் அவனுக்குப் பொறுமையைப் போதிக்கும் வேலையை இப்போதைக்கு நீங்கள் செய்யாதீர்கள். பெரியவர்கள் சொந்த மகனுக்குத் தாங்களே ஏன் கற்பிப்பதில்லை என்று மென்சியஸின் மாணவர் கேட்டார். சரியாக நட என்று அப்பா சொல்வார், மகன் கேட்கமாட்டான், அப்பாவுக்குக் கோபம் வரும், "நீங்களே சரியாக நடப்பதில்லையே" என்று மகன் மனதுக்குள் சொல்வான், இருவருக்கும் நடுவில் விரிசல் விழும், அதனால்தான் முன்னோர்கள் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு கற்பித்தார்கள் என்று பதில் சொன்னார். நிதானமான தாய்மாமாவோ சித்தப்பாவோ இருந்தால், கேரம் பலகையைப் போட்டுக்கொண்டு வாரத்தில் ஒரு மாலை அவனோடு உட்காரச் சொல்லுங்கள். தோற்றால் காயைத் தட்டிவிடாமல் இருப்பதை அவன் அங்கே கற்றுக்கொள்ளட்டும். மற்ற நாட்களில் அவன் தண்ணீரைக் கொட்டினால் துணியை எடுத்து நீங்கள் ஒரு பக்கம் துடையுங்கள், மறுபக்கம் அவனைத் துடைக்கச் சொல்லுங்கள்.